முன்னொட்டை நீக்கும் மூன்று வரி: ஓர் அறிக்கை நிரலில் சிறு ஃபங்ஷன்களைப் பிரித்தெடுத்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிரல் பெரியதல்ல. பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. ஒரு ஃபோல்டரில் வந்து சேரும் கோப்புகளை மாதத்துக்கு ஒருமுறை படித்து, கூட்டிக் கழித்து, தலைப்புகளோடு ஓர் அறிக்கையாக்கித் தரும். பல கைகள் மாறி எங்கள் குழுவிடம் வந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூடவே வந்த புகார் ஒன்றே ஒன்று: சில தலைப்புகளில் முதல் எழுத்தைக் காணோம்.

பெரும்பாலான கோப்புப் பெயர்கள் "மாத_" என்று தொடங்கும். மாத_வரவு, மாத_செலவு, மாத_தள்ளுபடி, மாத_மொத்தம் என்று வரிசையாக. அறிக்கைத் தலைப்பில் அந்த "மாத_" என்ற முன்னொட்டு வேண்டாம், மீதி மட்டும் போதும். வரவும் செலவும் ஒழுங்காக வந்தன. தள்ளுபடி மட்டும் "ள்ளுபடி" ஆகிவிட்டது. மொத்தத்தின் கதி அதைவிட மோசம்: எழுத்தே இல்லாத ஒரு புள்ளி வட்டத்தின் இருபுறமும் கொம்பும் காலும் நிற்க, பின்னால் "த்தம்" என்று வந்தது.

முன்பு இருந்த யாரோ இதைக் கவனித்திருக்கிறார்கள். நிரலின் கடைசியில், தலைப்பு "ள்ளுபடி" என்று இருந்தால் "தள்ளுபடி" என்று மாற்று என ஒரு வரி சேர்த்திருந்தார்கள், அதுவும் ஓர் அறிக்கைக்கு மட்டும். நோய் இருக்க நோவுக்கு மருந்து. ஆனால் அவசரத்தில் யாருடைய நிரலிலும் இப்படி ஒரு வரி இருக்கத்தான் செய்யும்.

காரணம் எல்ஸ்ட்ரிப். பைத்தானில் ஸ்ட்ரிங்கின், அதாவது எழுத்துத் தொடரின், இடது ஓரத்தைச் சுத்தம் செய்யும் இந்த ஃபங்ஷனுக்கு (பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து தரும் நிரல் துண்டு) "மாத_" என்று கொடுத்தால், அது அதை ஒரு சொல்லாகப் பார்க்காது. ம, கால், த, அடிக்கோடு ஆகிய நான்கு குறிகள் கொண்ட ஒரு பட்டியலாகப் பார்க்கும். இடது பக்கத்திலிருந்து வரும் ஒவ்வொரு குறியும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிடும். இல்லாத ஒன்று வரும்வரை நிற்காது. மாத_வரவு என்பதில் "மாத_" போனதும் "வ" வருகிறது, பட்டியலில் இல்லை, நின்றுவிடுகிறது. மாத_தள்ளுபடி என்பதில் அடுத்து வருவது "த". அதுவும் பட்டியலில் உண்டு, அதுவும் போய்விடும்.

மொத்தத்துக்கு நேர்ந்தது தமிழுக்கே உரிய கூடுதல் விபத்து. நமக்கு "மொ" ஓர் எழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடுக்கு அது இரண்டு குறிகள்: முதலில் ம, பின்னால் ஒகரக் குறி. எல்ஸ்ட்ரிப் ம-வை எடுத்துவிட்டு, பட்டியலில் இல்லாத ஒகரக் குறியில் நின்றது. ஒட்டிக்கொள்ள மெய் இல்லாமல் போன குறியைத் திரையில் காட்டும்போது எழுத்துரு ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுத்தான் காட்டும். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

எல்ஸ்ட்ரிப்பைக் குறை சொல்வதற்கில்லை. இடைவெளிகளையும் வரி முறிவுகளையும் ஓரத்திலிருந்து துடைக்கவே அது இருக்கிறது. அதன் ஆவணத்திலும், கொடுப்பது முன்னொட்டு அல்ல, குறிகளின் தொகுப்பு என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பெரும்பாலான பெயர்களுக்குச் சரியான விடை வந்துவிடுவதுதான் சிக்கல். முதல் இரண்டு கோப்புகளில் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்து போனவரை என்ன சொல்வது?

ஒரே வேலை, நான்கு விதம்

நிரல் முழுவதையும் தேடிப் பார்த்ததும் தெரிந்தது, முன்னொட்டை நீக்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது, ஆனால் ஒரே மாதிரி நடக்கவில்லை. எல்ஸ்ட்ரிப் ஒரு விதம். முதல் நான்கு குறிகளை எண்ணி வெட்டுவது இன்னொரு விதம். "மாத_" என்பதில் கண்ணுக்குத் தெரிவது மூன்று, கணினி எண்ணுவது நான்கு என்பதால், அந்த 4 எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார்கள், பாவம். முன்னொட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்த வரி பார்ப்பதில்லை. ஆண்டு_மொத்தம் என்று ஒரு கோப்பு வந்தால் "ஆண்டு" என்பதன் ஆ, ண, புள்ளி, ட ஆகியவற்றைத் தின்றுவிட்டு, உகரக் குறியை அந்தரத்தில் தொங்கவிடும்.

மூன்றாவது விதம் ரீபிளேஸ். "மாத_" என்பதை வெற்று ஸ்ட்ரிங்காக மாற்று என்பது படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் அது எங்கே கண்டாலும் மாற்றும். மாத_கடந்த_மாத_மீதி என்ற கோப்பு "கடந்த_மீதி" என்று தலைப்பானது. இதை யாரும் புகார் செய்யவில்லை, ஏனென்றால் படித்தால் ஏதோ பொருள் இருக்கிறது. என் கணக்கில் இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பிழை. புள்ளி வட்டம் கண்ணை உறுத்தும், இது உறுத்தாது.

நான்காவது விதம் சரியானது. "மாத_" என்று தொடங்குகிறதா என்று பார்த்து, தொடங்கினால் மட்டும் அதன் நீளத்தைக் கணக்கிட்டு வெட்டுவது. ஆனால் அந்த இரண்டு வரி அங்கே ஒரு நீண்ட லூப்பின், திரும்பத் திரும்ப ஓடும் பகுதியின், நடுவில் புதைந்து கிடந்தது. பக்கத்துக் கோப்பில் வேலை செய்தவருக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிய வாய்ப்பே இல்லை.

இது எங்கள் நிரலின் தனிச் சோகம் அல்ல. எல்ஸ்ட்ரிப் தவறாக வேலை செய்கிறது என்று பைத்தான் பயனர்கள் பல ஆண்டுகளாகப் புகார் எழுதியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் டென்னிஸ் ஸ்வீனி பைத்தானில் மாற்றம் கோரி எழுதிய 616ஆம் எண் முன்மொழிவு அதைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறது. பைத்தானின் சொந்த மூலநிரலிலேயே இந்த வேலை ஆங்காங்கே கையால் செய்யப்பட்டிருப்பதையும் அந்த முன்மொழிவு எடுத்துக்காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 3.9 பதிப்பில் முன்னொட்டை நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ், பின்னொட்டை நீக்க ரிமூவ்சஃபிக்ஸ் என்று இரண்டு ஃபங்ஷன்கள் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. எங்களிடம் வந்த நிரலோ அதற்கு முந்தைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பை உடனே உயர்த்த அனுமதி இல்லை. ஆகவே சொந்தமாக எழுதினோம்.

மூன்று வரிக்குள் எத்தனை முடிவுகள்

எழுதியது இவ்வளவுதான், தமிழில் சொன்னால்:

முன்னொட்டு_நீக்கு (ஸ்ட்ரிங், முன்னொட்டு):
ஸ்ட்ரிங் அந்த முன்னொட்டில் தொடங்கினால், அதன் நீளத்துக்குப் பின்னால் உள்ளதைத் திருப்பு;
இல்லையென்றால் ஸ்ட்ரிங்கை அப்படியே திருப்பு.

இதற்கு ஒரு ஃபங்ஷன் எதற்கு என்று குழுவிலேயே கேள்வி வந்தது. இரண்டு வரியை மிச்சம் பிடிக்கவா? வரியை மிச்சம் பிடிப்பது ஒரு காரணமே அல்ல என்பது என் கருத்து. அந்த வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் முடிவுகளை ஒரே ஒருமுறை எடுத்து, பெயர் சூட்டி வைக்கிறோம், அதுதான் லாபம். முன்னொட்டு இல்லாவிட்டால் என்ன செய்வது? இரண்டு முறை வந்தால் ஒன்றை மட்டும் நீக்குவதா? முன்னொட்டே வெற்றாக இருந்தால்? நான்கு விதமாக எழுதியவர்கள் இந்தக் கேள்விகளுக்கு நான்கு விதமாக விடை சொல்லியிருக்கிறார்கள், கேள்வி கேட்கப்பட்டதே தெரியாமல்.

முதல் கேள்வியில்தான் விவாதம் நீண்டது. தலைப்பு தயாரிக்கும் இடத்தில் முன்னொட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, பெயரை அப்படியே போட்டுக்கொள்ளலாம். ஆனால் கோப்புகளை உள்ளே எடுக்கும் இடத்தில் முன்னொட்டு இல்லாத கோப்பு என்பது வழிதவறி வந்த கோப்பு. அங்கே சும்மா விட்டால் வேறு யாருடைய கணக்கோ நம் கூட்டலில் சேர்ந்துவிடும். "கட்டாயம்" என்று ஒரு பேராமீட்டர் (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) வைத்து, உண்மை என்றால் பிழை எழுப்பட்டும், பொய் என்றால் விடட்டும் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் அதை ஏற்கவில்லை. அழைக்கும் இடத்தில் கடைசியில் வெறும் "உண்மை" என்று நின்றால் படிப்பவருக்கு எது உண்மை என்று புரியாது. முன்னொட்டு_நீக்கு, முன்னொட்டு_சரிபார் என்று இரண்டாகவே எழுதினோம். ஆம்-இல்லை பேராமீட்டர் கேட்கும் சிறு ஃபங்ஷன் பெரும்பாலும் ஒன்றாகக் கட்டிவைத்த இரண்டு ஃபங்ஷன்கள்தான்.

பல முன்னொட்டுகளை ஒரே நேரத்தில் கொடுக்கும் வசதியும் கேட்கப்பட்டது. தொடங்குகிறதா என்று மட்டும் பார்க்கும் பைத்தானின் ஸ்டார்ட்ஸ்வித் பல முன்னொட்டுகளை ஏற்கும், ரிமூவ்பிரிஃபிக்ஸ் ஏற்காது. அதில் நியாயம் இருக்கிறது. "மாத_", "மாத_கடந்த_" இரண்டையும் கொடுத்தால் எதை வெட்டுவது? முதலில் எழுதியதையா, நீளமானதையா? தொடங்குகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்பது ஒரே விடை, வெட்டினால் இரண்டு விடை. தேவைப்படும் இடத்தில் லூப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டோம்.

பின்னொட்டுக்கும் ஒரு ஜோடி எழுதியபோதுதான் டெஸ்ட், அதாவது ஃபங்ஷன் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சிறு நிரல், உதவியது. முன்னொட்டைப் போலவே எழுதலாம் என்று தோன்றும்: கடைசியிலிருந்து பின்னொட்டின் நீள அளவுக்கு விட்டுவிட்டு மீதியை எடு. பின்னொட்டு வெற்றாக இருந்தால் அந்த நீளம் 0. எந்த ஸ்ட்ரிங்கும் வெற்று ஸ்ட்ரிங்கில் முடிகிறது என்றே பைத்தான் சொல்லும், ஆகவே சோதனை தாண்டிவிடும். கழித்தல் 0 என்பதும் 0 தான். "கடைசியிலிருந்து 0 வரை" என்பது "தொடக்கத்திலிருந்து 0 வரை" ஆகி, மொத்த ஸ்ட்ரிங்கும் காணாமல் போகும். 616ஆம் முன்மொழிவின் மாதிரி நிரலிலும் இதற்கென்றே ஒரு கூடுதல் சோதனையும் ஒரு குறிப்பும் உண்டு. கையால் எழுதும் பத்து பேரில் எத்தனை பேர் இதை நினைத்துப் பார்ப்பார்கள்? ஃபங்ஷனாக இருந்ததால் வெற்றுப் பின்னொட்டுக்கு ஒரு டெஸ்ட் எழுத முடிந்தது. லூப்பின் நடுவில் கிடக்கும் இரண்டு வரிக்கு யாரும் டெஸ்ட் எழுதமாட்டார்கள், எழுதவும் வழியில்லை.

கொள்முதல் கோப்புகள் மட்டும் ஏன் மக்கர் செய்தன

எல்லாம் மாற்றிய பிறகு புதிதாக ஒன்று. "கொள்முதல்_" என்று தொடங்கும் கோப்புகளில் சிலவற்றுக்கு மட்டும் முன்னொட்டு நீங்கவில்லை. கண்ணால் பார்த்தால் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாக. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இப்படியே. திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு. பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்துவைக்கும். அப்படி ஒரு கணினி வழியாக வந்த கோப்புகள்தான் தொல்லை கொடுத்தவை. "மாத_" என்பதில் இந்த மூன்று குறிகளும் இல்லாததால் அது தப்பித்தது.

தீர்வு எளிது. பைத்தானின் யூனிகோடுடேட்டா நூலகத்தில் நார்மலைஸ் என்று ஒன்று உண்டு, பிரிந்ததைச் சேர்த்துவிடும். அதை எங்கே வைப்பது என்பதே பேச்சு. முன்னொட்டு_நீக்குக்குள்ளேயே வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ஒரு பக்கம். வைக்கக்கூடாது என்பது என் பக்கம். உள்ளே வைத்தால் முன்னொட்டை நீக்கும் ஃபங்ஷன் மீதி ஸ்ட்ரிங்கையும் சத்தமில்லாமல் மாற்றித் தருகிறது. திரும்பி வந்த பெயரைக் கொண்டு கோப்பைத் திறக்கப் போனால், சில முறைமைகளில் அந்தப் பெயரில் கோப்பே இல்லை என்று வரும். தவிர, நாளைக்கு ஒப்பிடும் வேறு இடத்தில் இதே சிக்கல் முளைக்கும். கடைசியில், கோப்புப் பெயரைப் படிக்கும் அந்த ஓர் இடத்தில் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொண்டோம்: திறப்பதற்கு வந்தபடியே ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்த வடிவில் ஒன்று. சீர்_பெயர் என்ற ஒரு வரி ஃபங்ஷன் அங்கே மட்டும் அழைக்கப்படுகிறது.

சுழியம் எங்கே போனது

முன்னொட்டைத் தேடிப் போன இடத்தில் இன்னொன்றும் அகப்பட்டது. தொகை இல்லாத கட்டங்களில் ஒரு சிறு கோடு போட வேண்டும். பாதி இடங்களில் "தொகை அல்லது கோடு" என்ற சுருக்க வழியில் எழுதியிருந்தார்கள். பைத்தானில் 0, வெற்று ஸ்ட்ரிங், வெற்று லிஸ்ட், மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நன் எல்லாமே பொய் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே உண்மையான 0 தொகையும் கோடாகிப் போனது. கணக்கு பார்ப்பவருக்கு "தகவல் வரவில்லை" என்பதும் "வந்தது, சுழியம்" என்பதும் ஒன்றா? மீதிப் பாதி இடங்களில் நன்-ஆ என்று மட்டும் பார்த்திருந்தார்கள். அங்கே வெற்று ஸ்ட்ரிங் வந்தால் கட்டம் வெறுமையாக நின்றது.

காட்டு_தொகை என்று ஒரு ஃபங்ஷன் எழுதி, நன்-க்கும் வெறும் இடைவெளிக்கும் கோடு, 0-க்கு 0 என்று வைத்தோம். முழுமையாக்கும் வேலையும் அதற்குள்ளேயே போனது, ஏனென்றால் பைத்தானின் ரவுண்டு 2.5-ஐ 2 ஆக்கும், 3.5-ஐ 4 ஆக்கும். அரை வந்தால் இரட்டைப்படை எண்ணின் பக்கம் சாய்வது அதன் விதி. அறிக்கையைப் படிப்பவர்கள் எதிர்பார்த்தது அரை என்றால் மேலே. டெசிமல் நூலகத்தில் அந்த விதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதில் விவாதமே இல்லை.

எழுதி, தூக்கிப் போட்டது

பிரித்தெடுத்த எல்லாமே தங்கவில்லை. உரை வடிவ அறிக்கையில் நெடுவரிசைகள் கோணலாக வந்தன. இடைவெளி நிரப்பும் ஃபங்ஷன்கள் "தமிழ்" என்பதன் நீளம் 5 என்று எண்ணுவதே காரணம்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. சார்ந்து வரும் குறிகளை விட்டுவிட்டு எண்ணும் எழுத்து_நீளம் என்று ஒன்று எழுதினோம், 3 என்று சரியாகச் சொன்னது. அதை வைத்து இடைவெளியை நிரப்பினால் நெடுவரிசை அப்போதும் கோணல். தமிழில் "ர" எடுக்கும் இடமும் "ணை" எடுக்கும் இடமும் ஒன்றல்ல. எண்ணிக்கையால் சரிசெய்ய முடியாத ஒன்றை எண்ணிக்கையால் சரிசெய்ய முயன்றது அந்த ஹெல்ப்பர். அறிக்கையை எச்டிஎம்எல் அட்டவணையாக்கினோம், ஃபங்ஷனை நீக்கினோம்.

இடைவெளி நிரப்பும் ஃபங்ஷன் என்றதும் நிரலாளர்களுக்கு லெஃப்ட்-பேட் நினைவுக்கு வராமல் இருக்காது. 2016 மார்ச் 22 அன்று, ஒரு பெயர்த் தகராறில் மனம் வெறுத்த ஆசிரியர் தன் பொதிகள் எல்லாவற்றையும், பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை வைத்திருக்கும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவற்றில் ஒன்று, இடது பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி லெஃப்ட்-பேட். பேபல் என்ற பிரபலமான ஜாவாஸ்கிரிப்ட் கருவி உட்படப் பலரும் நேராகவோ சுற்றிவளைத்தோ அதைச் சார்ந்திருந்ததால், உலகெங்கும் நிறுவல்கள் உடைந்தன. சில மணி நேரத்தில் என்பிஎம் நிறுவனமே அந்தப் பதிப்பை மீட்டு வைத்தது. வெளியிட்டதை நினைத்தபடி எடுத்துவிட முடியாதவாறு விதியும் மாறியது. பேட்ஸ்டார்ட் என்ற பெயரில் அந்த வேலை 2017 பதிப்பில் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டது.

இந்த நிகழ்வை வைத்துச் சிறு ஃபங்ஷன்களையே கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. 11 வரியைத் தனி ஃபங்ஷனாக எழுதியதில் என்ன தவறு? அதை வேறொருவர் வீட்டு வாசலிலிருந்து தினமும் எடுத்து வந்ததுதான் சிக்கல். எங்கள் மூன்று வரிக்கு வெளிப் பொதி வேண்டாம் என்று முடிவு செய்ய லெஃப்ட்-பேட் போதுமானதாக இருந்தது. யூனிகோடு அட்டவணைகளும் டெசிமல் கணக்கும் வேறு கதை. அவற்றைக் கையால் எழுதுவது வம்பு, மொழியோடு வரும் நூலகமே சரி.

எங்கே வைப்பது, என்னவென்று அழைப்பது

யூட்டில்ஸ் என்று ஒரு கோப்பு ஏற்கனவே இருந்தது. எங்கும் இடமில்லாதது எல்லாம் அங்கே குவிந்திருந்தது. அதைத் திறந்து தேடுவதைவிட மறுபடி எழுதுவது சுலபம், நான்கு விதம் முளைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாங்கள் பெயர்_உதவி, தொகை_உதவி என்று பொருளை வைத்துப் பிரித்தோம். அப்புறம் ஒவ்வொரு ஃபங்ஷனின் தலையிலும் ஓர் எடுத்துக்காட்டு: "மாத_மொத்தம்" கொடுத்தால் "மொத்தம்" வரும், "மொத்தம்" கொடுத்தால் "மொத்தம்" வரும். பத்தி பத்தியாக விளக்குவதைவிட இந்த இரண்டு வரியைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். டாக்டெஸ்ட் என்ற பைத்தான் கருவி வழியாக அவையே டெஸ்டாகவும் ஓடுகின்றன, ஆகவே விளக்கம் ஒரு பக்கம், ஃபங்ஷன் ஒரு பக்கம் என்று போய்விடாது.

கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் முதல் நிரலை ஓட்டிய எட்சாக் கணினிக்குத் துணைநிரல்களின் நூலகம் ஒன்றை உருவாக்கினார்கள், துளையிட்ட காகித நாடாக்களில். அதில் முக்கியப் பங்கு வகித்த டேவிட் வீலர் 1952-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், நிரலை எழுதி முடித்த பிறகும் உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாதவர் எளிதாகப் பயன்படுத்தும்படி விளக்கம் எழுதும் வேலை மிச்சமிருக்கிறது, அதுவே மிகக் கடினமானதாக இருக்கலாம் என்கிறார். எழுதிய நிரலைக் குழுவினர் படித்துப் பார்க்கும் கோட் ரிவ்யூவில் எங்களுக்கும் ஃபங்ஷனின் உடல் பற்றிப் பேச்சே வரவில்லை. பெயரையும் எடுத்துக்காட்டையும் பற்றித்தான் வந்தது.

பிறகு நடந்தது

நிரல் பின்னர் புதிய பைத்தான் பதிப்புக்கு நகர்ந்தது. முன்னொட்டு_நீக்குவின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு ரிமூவ்பிரிஃபிக்ஸை அழைத்தோம். டெஸ்ட் எல்லாம் அப்படியே தேறின. அதன் பிறகு அந்த ஃபங்ஷன் வேறொரு பெயர்ப்பலகை மட்டுமே என்பதால், அழைக்கும் இடங்களில் எல்லாம் மொழியின் பெயரையே போட்டு, எங்களுடையதை அழித்துவிட்டோம். ஒரே பெயரில் ஒரே இடத்தில் இருந்ததால் தேடி மாற்றும் வேலை சீக்கிரமே முடிந்தது. முன்னொட்டு_சரிபார் மட்டும் நிற்கிறது, பிழை எழுப்பும் அந்த விதம் மொழியில் இல்லை.

தொடாமல் விட்டதும் ஒன்று உண்டு. அறிக்கைத் தலைப்பில் போடும் தேதியும், சேமிக்கும் கோப்பின் பெயரில் வரும் தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒரே வரியால் தயாராகின: ஆண்டு, கோடு, மாத எண். இதை ஏன் ஒன்றாக்கவில்லை என்று ரிவ்யூவில் கேட்டார்கள். தலைப்பு மனிதர் படிப்பதற்கு, கோப்புப் பெயர் வரிசைப்படுத்துவதற்கு. இன்று ஒன்றுபோல இருப்பது தற்செயல் என்று சொல்லி இரண்டையும் அப்படியே விட்டோம். தலைப்பில் எண்ணுக்குப் பதில் மாதத்தின் பெயரே வர வேண்டும் என்று கோரிக்கை வந்தபோது அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினோம். கோப்புகள் பழையபடியே வரிசையில் நிற்கின்றன.